கற்றலை ஆராய்ந்த வழிகள்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதர் எவ்வாறு கற்கின்றனர் என்னும் வினா மிகப் பழமையானது. ஆயினும் அவ்வினாவிற்கு விடை காண்பதற்கெனத் திட்டமிட்ட ஆய்வு முறைகள் தோன்றியது அண்மைக் காலத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் கற்றலைப் பற்றிய கருத்துக்கள் மெய்யியலாரின் சிந்தனையாகவோ, அனுபவம் மிக்க ஆசிரியர்களின் குறிப்புகளாகவோ மட்டுமே இருந்தன. அதன் பின்னர் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்திலும், விலங்குக் கூண்டிலும், குழந்தையோடு நிகழ்த்திய உரையாடலிலும், தொலைவான சிற்றூர்களிலும், தெருச் சந்தைகளிலும் இவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றுள்ளனர்.

இவ்வரலாற்றை நாம் ஆராய முற்படுவது செய்திகளைத் தொகுத்து வைப்பதற்காக மட்டும் அன்று. இன்னாருக்குக் கற்கும் திறன் உண்டு, இன்னாருக்கு அது குறைவு என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் காலப்போக்கில் இவ்வாய்வு முறைகளின் கையில் வந்து சேர்ந்தது. அத்தீர்ப்பினால் பள்ளியின் வாயில் சிலருக்குத் திறந்தது, பலருக்கு அடைபட்டது. ஆகவே, ஒவ்வொரு முறையும் எதனைக் காண வல்லது, எதனைக் காண இயலாதது என்பதை அறிந்துகொள்வது கற்பிக்கும் பொறுப்பேற்றுள்ள அனைவர்க்கும் இன்றியமையாததாகும்.

1. சென்னையில் ஒரு முன்னோடி

இவ்வரலாற்றின் முன்னுரையாக நம் சென்னை நகரிலேயே நடந்த ஒரு முயற்சியைக் குறிப்பிடலாம். ஸ்காட்லாந்து நாட்டவரும் ஆங்கிலத் திருச்சபைக் குருவுமான ஆண்ட்ரூ பெல், 1789ஆம் ஆண்டு எழும்பூரில் இருந்த இராணுவ ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளரானார். தமிழ்ப் பிள்ளைகள் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் ஒருநாள் கண்ணுற்றார். அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்துமாறு அவர் கூறியபோது அங்கிருந்த ஆசிரியர்கள் அதனை ஏற்கவில்லை. ஆகவே, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் அம்முறை வெற்றி பெற்றது.

பெல் இதனைக் குறித்து 1797இல் இலண்டனில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே, சென்னையில் செய்யப்பட்ட கல்விச் ‘சோதனை’ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. பின்னர் ‘சென்னை முறை’ என்னும் பெயரால் அது இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஆயினும் இன்றைய பொருளில் அதனைச் சோதனை எனல் இயலாது. வேறொரு முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் அதில் இல்லை; அளத்தலும் இல்லை. தாம் கண்டதைத் தாமே நம்பி உரைத்த சான்றுரையாகவே அது நின்றது. அதே வேளையில், கற்கும் பிள்ளைகளையும் அவர்கள் கற்கும் இடத்தையும் விட்டு அகலாமல் நோக்கும் பண்பு அதில் இருந்தது. அடுத்த நூறாண்டுகளில் அறிவியல் இவற்றுள் முன்னதைத் திருத்தியது. ஆனால் பின்னதை இழந்தது எனலாம்.

2. அளவுகோலின் தொடக்கம்

கற்றலை முதன்முதலாக முறையாக அளந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் ஆவார். அவர் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் பற்றிய நூலில் ஆய்வாளரும் அவரே. ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே. முன்னறிவின் தாக்கம் சிறிதும் இருத்தலாகாது என்று கருதிய அவர், ஏறத்தாழ 2,300 பொருளற்ற அசைகளை உண்டாக்கி, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். குறிப்பிட்ட இடைவெளிக்குப் பின்னர் அதே வரிசையை மீண்டும் கற்கும்போது முயற்சியில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குப் பின் 58 விழுக்காடும், ஒரு நாளுக்குப் பின் 34 விழுக்காடும், ஒரு திங்களுக்குப் பின் 21 விழுக்காடும் மிச்சமாயின. மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்கிறது என்பது இதனால் விளங்கிற்று. 2015இல் ஆம்ஸ்டர்டாம் நகர ஆய்வாளர்கள் இச்சோதனையை மீண்டும் செய்து ஏறத்தாழ இதே போக்கினைக் கண்டனர். ஒரு தனி மனிதரின் உழைப்பு நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைத்து நிற்பது வியக்கத்தக்கதே.

ஆனால் அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. பைரன் இயற்றிய ‘டான் ஜுவான்’ என்னும் காப்பியத்தின் பாடல்களையும் எபிங்ஹவுஸ் மனப்பாடம் செய்து பார்த்தார். பொருளற்ற அசைகளுக்குத் தேவைப்பட்ட முயற்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அவற்றிற்குப் போதுமானதாயிற்று. அவ்வாறாயின் பொருளே கற்றலின் பெரும்பகுதியைச் சுமக்கிறது என்றன்றோ கொள்ள வேண்டும்? எனினும் பொருளை நீக்கிய பின்னரே அளத்தல் எளிது என்பதால், அவருக்குப் பின் வந்தோர் நெடுங்காலம் அசைகளையே பின்பற்றினர்.

இதனை மறுத்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் பிரெடரிக் பார்ட்லெட் ஆவார். அவர் 1932இல் வெளியிட்ட நூலில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர்கள் படித்துவிட்டு மீண்டும் மீண்டும் கூறும்போது அது எவ்வாறு உருமாறியது என்பதைக் காட்டினார். தமக்குப் பழக்கமில்லாதவற்றை அவர்கள் விட்டுவிட்டனர். அல்லது தமக்குத் தெரிந்தவையாக மாற்றிக்கொண்டனர். நினைவு என்பது களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தருவதன்று, முன்னறிவைக் கொண்டு மீண்டும் கட்டுவது என அவர் முடிவு செய்தார். எபிங்ஹவுஸ் எதனைத் தடையெனக் கருதி நீக்கினாரோ அதுவே பார்ட்லெட்டுக்கு ஆய்வுப் பொருளாயிற்று என்பது கருதத்தக்கது.

3. கூண்டுக்குள் கண்டது

அமெரிக்காவில் எட்வர்டு தார்ண்டைக் 1898இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து, அவை தாழ்ப்பாளை நீக்கி வெளிவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்தார். முயற்சி தோறும் நேரம் படிப்படியாகக் குறைந்தது. பூனைகள் ஆராய்ந்து அறிவதில்லை, தற்செயலாக வெற்றி பெற்ற செயலே பயனால் வலுப்பெறுகிறது என்றார் அவர். கனடா நாட்டு அறிஞர் வெஸ்லி மில்ஸ் உடனே இதனை எதிர்த்தார். உயிருள்ள மனிதனைச் சவப்பெட்டியில் இட்டுப் புதைத்து, அவனுடைய நடத்தையிலிருந்து மனித இயல்பைக் கண்டறிவது போன்றது இது என்பது அவர் வாதம்.

அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள டெனரீப் தீவில் 1913 முதல் 1920 வரை தங்கி ஆராய்ந்த உல்ப்காங் கோலர் வேறு வகைச் சூழலை அமைத்தார். வாழைப்பழம், பெட்டி, கோல் ஆகியன அனைத்தும் மனிதக் குரங்கின் கண்முன் இருந்தன. சுல்தான் என்னும் குரங்கு இரு கோல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பழத்தை எட்டியது. கற்றல் என்பது திடீரெனத் தோன்றும் உள்நோக்கு என்று கோலர் கூறினார். இரு அறிஞரும் கண்டது பொய்யன்று. தார்ண்டைக்கின் பெட்டியில் தாழ்ப்பாளின் இயக்கம் பூனைக்குப் பெரும்பாலும் மறைவாக இருந்தது. ஆகவே தடுமாறி முயலுதல் தவிர வேறு வழியில்லை. கோலர் அமைத்த சூழலில் எல்லாம் வெளிப்படையாக இருந்தன. ஆகவே சிந்திக்க இடமிருந்தது. அமெரிக்கர் ஆராய்ந்த விலங்குகள் ஓடியாடித் தற்செயலாக வெற்றி பெறுகின்றன, ஜெர்மானியர் ஆராய்ந்தவையோ அமர்ந்து சிந்திக்கின்றன என்று பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1927இல் நகைச்சுவையாக எழுதியதில் உண்மை இல்லாமலில்லை.

நடத்தையியலார் இவ்வழியில் மேலும் சென்றனர். பி. எப். ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட நூலில், உள்ளத்தில் நிகழ்வதைப் பேசாது, வெளிப்படும் செயலையும் அதனைத் தொடரும் விளைவையும் மட்டுமே கணக்கிட்டார். தம் மகள் பயின்ற பள்ளியின் கணித வகுப்பை 1953இல் பார்வையிட்ட பின்னர் கற்பிக்கும் இயந்திரங்களை அமைக்க முற்பட்டார். சிறு சிறு படிகளாகக் கற்றல், உடனுக்குடன் விடையைச் சரிபார்த்தல், ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முன்னேறுதல் என்பன அவர் தந்த நல்ல பயன்கள். ஆனால் மொழியையும் அவர் 1957இல் இவ்வகையிலேயே விளக்க முயன்றபோது, நோம் சாம்ஸ்கி 1959இல் கடுமையான மறுப்புரை எழுதினார். குழந்தை தான் ஒருபோதும் கேட்டிராத வாக்கியங்களைப் பேசுகிறது; இதற்கு விளைவும் வலுவூட்டலும் போதிய விளக்கம் ஆகா என்பது அதன் மையக் கருத்து.

4. தவறான விடையின் பொருள்

இதற்கிடையில் பள்ளிகளில் மற்றொரு முறை வேரூன்றியது. பிரெஞ்சு அரசின் கல்வி அமைச்சு 1904இல் அமைத்த குழுவின் தேவைக்காக, ஆல்பிரெட் பினே தம் துணைவர் சீமோனுடன் 1905இல் ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கினார். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்கு உதவுவதே அதன் நோக்கம். அறிவுத்திறன் மாற்ற இயலாத ஒரு நிலையான அளவு என்னும் எண்ணத்தைப் பினே 1909இல் வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் அமெரிக்காவில் அச்சோதனை வேறு பணிக்குப் பயன்பட்டது. ஹென்றி காடர்டு 1913இல் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளை அதனால் சோதித்து, அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் மனவளர்ச்சி குன்றியோர் என 1917இல் அறிவித்தார். நெடிய கடற்பயணத்தின் களைப்போடும் அச்சத்தோடும் நின்ற, எழுதுகோலைப் பிடித்தறியாத மக்கள் அவர்கள் என்பது கணக்கில் கொள்ளப்படவில்லை. அவரே 1928இல் தம் பழைய கருத்துக்களினின்றும் பெரிதும் பின்வாங்கினார். ஆனால் அதற்குள் விளைந்த தீங்கு விளைந்துவிட்டது. உதவிக்காகச் செய்த கருவி விலக்குவதற்குரிய கருவியாக மாறியதன் எடுத்துக்காட்டு இது.

பினேயின் ஆய்வுக்கூடப் பள்ளியில்தான் மற்றொரு திருப்பமும் நிகழ்ந்தது. இளைஞரான ழான் பியாஜே 1919இல் பாரிசுக்கு வந்து, ஆங்கிலேயர் ஒருவர் அமைத்த அறிவுச் சோதனையைப் பாரிசுக் குழந்தைகளுக்கேற்பத் தரப்படுத்தும் பணியில் அமர்த்தப்பட்டார். சரியான விடைகளை எண்ணுவதே அவருக்கு இடப்பட்ட வேலை. அவரோ தவறான விடைகளில் ஈடுபாடு கொண்டார். ஒரே வயதுடைய குழந்தைகள் ஒரே வகையில் தவறுவதைக் கண்டு, ஏன் அவ்வாறு கூறினாய் என்று அவர்களையே வினவலானார். 1921இல் ஜெனீவாவிலுள்ள ரூசோ கழகத்தில் சேர்ந்தபின் இம்முறையை அவர் விரிவாக வளர்த்தார். குழந்தை அறிவில் குறைந்த பெரியவர் அன்று. அதன் சிந்தனைக்கெனத் தனி அமைப்பு உண்டு என்னும் உண்மை இவ்வுரையாடல்களால் வெளிப்பட்டது.

பியாஜேயின் முறைக்கும் எல்லை உண்டு. இரு வரிசைகளில் சமமாக வைத்த காய்களில் ஒரு வரிசையை அகலப் பரப்பினால், சிறு குழந்தை அதில் காய்கள் மிகுதி என்கிறது. எண்ணிக்கை மாறாது என்னும் உணர்வு அதற்கு இல்லை என்றார் பியாஜே. எடின்பரோ நகர அறிஞர் மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் வெளியிட்ட நூலில் ஒரு மாற்றுச் சோதனையை எடுத்துரைத்தார். காய்களைப் பெரியவர் பரப்பாமல், ‘குறும்புக்காரக் கரடிப்பொம்மை’ ஒன்று வந்து கலைத்ததுபோலச் செய்தபோது, எண்ணிக்கை மாறவில்லை எனச் சரியாகக் கூறிய குழந்தைகள் மிகுந்தனர். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே பரப்பிவிட்டு அதே வினாவை மீண்டும் கேட்டால், ஏதோ மாற்றத்தையே அவர் கேட்கிறார் எனக் குழந்தை கருதுவது இயல்பு. ஆக, குழந்தை காய்களை மட்டுமன்றி, வினவுவோரையும் கருத்திற்கொண்டே விடை பகர்கிறது.

5. சிற்றூர் மக்களின் விடைகள்

கற்றல் தனி மனிதருக்குள் நிகழ்வது என்னும் கொள்கையையே மறுத்தவர் உருசிய அறிஞர் லெவ் விகோட்ஸ்கி. 1934இல் தம் 37ஆம் வயதில் காசநோயால் மறைந்த அவர், சிந்தனை முதலில் மனிதர்க்கிடையே உருவாகிப் பின்னரே ஒருவருக்குள் குடிபுகுகிறது என்றார். ஆகவே, ஒரு பிள்ளை தனித்து என்ன செய்கிறது என்பதோடு, தக்க துணையோடு என்ன செய்ய வல்லது என்பதையும் ஆராய வேண்டும் என்றார்.

அவருடைய தோழர் அலெக்சாந்தர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெக்கிஸ்தான் சிற்றூர்களுக்குச் சென்றார். வடக்கே பனி மூடிய பகுதியில் எல்லாக் கரடிகளும் வெண்மையானவை. இன்ன இடம் அப்பகுதியில் உள்ளது. அங்குள்ள கரடியின் நிறம் யாது என்று எழுத்தறிவற்ற உழவர்களிடம் கேட்டார். தாம் அங்குச் சென்றதில்லை, காணாததைப் பற்றித் தாம் பேசுவதில்லை என்னும் வகையில் அவர்கள் விடை கூறினர். சுத்தியல், இரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகியவற்றுள் சேராததை நீக்கச் சொன்னபோது, கட்டையின்றிக் கருவிகளால் என்ன பயன் என்று கேட்டு நீக்க மறுத்தனர். சிறிது காலமே பள்ளிப்பயிற்சி பெற்றோர் எளிதில் விடையளித்தனர். எழுத்தறிவும் புதிய கூட்டு வாழ்க்கையும் சிந்தனையையே மாற்றுகின்றன என லூரியா முடிவு செய்தார். சோவியத் நாட்டிலேயே எழுந்த எதிர்ப்பினால் இவ்வாய்வு முழுமையாக நூலாக வெளிவந்தது 1974இல்தான்.

அவ்வுழவர்கள் சிந்திக்க இயலாதவர்களா, அல்லது அவ்வகை வினா விளையாட்டிற்குப் பழகாதவர்களா? இவ்வினாவிற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் விடை தேடப்பட்டது. அங்குள்ள பெல்லே மக்களிடம் மைக்கேல் கோலும் அவர்தம் துணைவரும் 1960களில் ஆய்வு செய்தனர். பொருள்களை வகைப்படுத்துமாறு கேட்டபோது, அம்மக்கள் கத்தியையும் அதனால் அறுக்கும் பழத்தையும் சேர்த்து வைத்தனர். அறிவுள்ளவர் இவ்வாறே செய்வார் என்றும் கூறினர். அறிவிலி எவ்வாறு செய்வான் என்று கேட்டபோது, கருவிகளை ஒருபுறமும் உணவுகளை மறுபுறமுமாக, ஆய்வாளர் முதலில் எதிர்பார்த்தவாறே பிரித்துவைத்தனர். ஒரு பாத்திரத்திலுள்ள அரிசி எத்தனை அளவு இருக்கும் என மதிப்பிடுவதிலோ அவர்கள் அமெரிக்கரை எளிதில் விஞ்சினர்.

சில்வியா ஸ்கிரிப்னரும் கோலும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. அந்நாட்டின் வை மக்களிடம் மூவகை எழுத்தறிவு வழங்குகிறது. பள்ளியில் ஆங்கிலமும், திருக்குர்ஆன் ஓதுவதற்கு அரபியும், வீட்டிலும் நண்பரிடமும் தம் சொந்த வை எழுத்தும் அவர்கள் கற்பர். எழுத்தறிவையும் பள்ளியையும் பிரித்துப் பார்க்க இது அரிய வாய்ப்பாயிற்று. தருக்க வினாக்களுக்குக் காரணம் எடுத்துரைக்கும் திறன் பள்ளிப்படிப்போடு இணைந்திருந்தது, எழுத்தறிவோடு அன்று. ஓதுதலில் பயின்றோர் வரிசையாகக் கூட்டிக்கொண்டு செல்லும் நினைவுப் பணியில் சிறந்தனர். வை எழுத்தில் கடிதம் எழுதிப் பழகியோர், எதிரில் இல்லாத ஒருவருக்கு ஒரு விளையாட்டை விளக்குவதில் தேர்ந்திருந்தனர். எழுத்து மாயமாக மனத்தை மாற்றுவதில்லை. எதனைச் செய்து பழகுகிறோமோ அதில் தேர்ச்சி பெறுகிறோம் என்பது இதனால் பெறப்பட்டது.

6. சந்தையும் வகுப்பும்

பிரேசில் நாட்டு ரெசிபே நகரில், தெருவில் பழமும் தேங்காயும் விற்கும் 9 முதல் 15 வயது வரையுள்ள ஐந்து பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 1985இல் வெளியாயிற்று. ஆய்வாளர்கள் வாடிக்கையாளரைப் போலச் சென்று கணக்குக் கேட்டபோது 98 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தன. அதே கணக்குகளைக் கதைக் கணக்காகத் தந்தபோது 74 விழுக்காடும், வெறும் எண்களாகத் தந்தபோது 37 விழுக்காடுமே சரியாயின. பிள்ளைகள் அவர்களே, கணக்கும் அதுவே, கேட்கப்பட்ட இடமும் முறையும் மட்டுமே வேறு.

ஐந்து பேரை மட்டும் கொண்டு முடிவு கூறலாமா என்னும் ஐயம் நியாயமானதே. நம் நாட்டிலேயே கொல்கத்தா, டில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025இல் வெளிவந்தது. சந்தைக் கணக்கை மனத்தாலேயே விரைந்து செய்த அப்பிள்ளைகள் பள்ளி முறைக் கணக்கில் தடுமாறினர். பள்ளிக் கணக்கில் தேர்ந்த, சந்தைப் பழக்கமில்லாத பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரு வகை அறிவுக்கும் இடையே பாலம் அமைக்கப்படவில்லை என்பதே இதன் பொருள்.

லைபீரியத் தையற்காரரிடம் பயிலும் சிறுவரை 1970களில் ஆராய்ந்த ஜீன் லேவ், அவர்கள் பொத்தான் தைத்தலும் ஓரம் மடித்தலுமாகிய இறுதி வேலைகளிலிருந்து தொடங்கி, தையலுக்கும், பின்னர்த் துணி வெட்டுதலுக்கும் படிப்படியாக வருவதைக் கண்டார். முழு உடை எவ்வாறிருக்கும் என்பதை அறிந்த பின்னரே அவர்கள் துணியில் கத்தரியை வைத்தனர். ஒரு குழுவின் பணியில் பங்குபெற்று அதன் உறுப்பினராக வளர்வதே கற்றல் என்று லேவும் வெங்கரும் 1991இல் எழுதினர்.

கற்போரின் பார்வையிலிருந்தே கற்றலை விளக்கும் முறையும் இக்காலத்தில் எழுந்தது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் மார்ட்டனும் சால்யோவும் 1976இல், மாணவருக்கு ஒரு கட்டுரையைப் படிக்கத் தந்து, எவ்வாறு படித்தீர்கள் என்று வினவினர். தேர்வை எண்ணிச் சொற்களைப் பற்றிக்கொண்டோர் சிலர். ஆசிரியர் சொல்ல வருவது யாது எனத் தேடியோர் சிலர். விளங்கிக்கொண்டதன் வேறுபாடு இந்நோக்கத்தின் வேறுபாட்டோடு இணைந்திருந்தது.

அளத்தலும் கைவிடப்படவில்லை. மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு உள்ளூர் இளம் பெண்களைக் கொண்டு கற்பித்த திட்டத்தை, குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து ஆராய்ந்தனர். 2007இல் வெளியான அவ்வாய்வு, பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்ததை ஐயமின்றிக் காட்டியது. திட்டம் முடிந்து ஓராண்டில் அப்பயன் பெரிதும் குறைந்ததையும் மறைக்காது கூறியது. பெல்லின் சென்னைச் சோதனையில் இல்லாத ஒப்பீடு இங்கு முழுமையாக உள்ளது.

7. நாம் பெறும் படிப்பினை

இம்முறைகளுள் எது சரி என்று வினவுவது பொருந்தாது. ஒரு திட்டம் பயன் தருகிறதா என அறிய ஒப்பீடும் அளவும் வேண்டும். பிள்ளை ஏன் தவறுகிறது என அறிய அதனோடு பேச வேண்டும். ஒரு மக்கள் எவ்வாறு கற்கின்றனர் என அறிய அவர்கள் நடுவே வாழ வேண்டும். ஒன்றன் பணியை மற்றொன்று செய்ய இயலாது. ஒரு முறையின் விடையை எல்லா வினாக்களுக்கும் உரிய விடையாகக் கொண்டபோதுதான் இவ்வரலாற்றில் தீங்கு நேர்ந்துள்ளது.

மற்றொன்றும் இங்குத் தெளிவாகிறது. எல்லிஸ் தீவின் குடியேறியும், உஸ்பெக் உழவரும், ஜெனீவாக் குழந்தையும், ரெசிபேச் சிறு வணிகனும் ஒரு காலத்தில் அறிவில் குறைந்தோராகவோ சிந்தனையில் முதிராதோராகவோ எண்ணப்பட்டனர். பின்னர் வினாவை மாற்றியபோது, அல்லது அது கேட்கப்பட்ட சூழலை எண்ணிப் பார்த்தபோது, அவர்களைப் பற்றிய தீர்ப்பும் மாறியது. பள்ளி தரும் அறிவு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கொல்கத்தாச் சிறுவனுக்கு அது தேவையே. அவன் ஏற்கெனவே அறிந்திருப்பதை நாம் அறியாமல் அதனை அவனுக்குத் தர இயலாது என்பதே இதன் பொருள். ஆகவே, ஒருவரால் கற்க இயலாது என்று எழுதி ஒப்பமிடும் முன்னர், அவரிடம் வேறு எவ்வகையில் வினவியிருக்கலாம் என எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.